ஜமைக்காக்காரம்மா வீட்டில் சொன்ன சாட்சி

சேந்தமங்கலத்திலிருந்து நாமக்கல் போகும் ரோட்டில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். செருப்பு அந்த வீட்டின் முன்வாசலில் கிடந்தது. நான் வெளியே வந்தது பின்வாசல் வழியாக.

மார்கழி வெயில் அவ்வளவாக உறைக்காது. எனக்கு மட்டும் சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு வேர்த்தது. வாயில் இன்னும் தேங்காய்ப்பால் சோற்றின் ருசி இருந்தது. கையை எத்தனை முறை கழுவியும் கற்பூரவள்ளி வாசம் போகவில்லை. கொல்லிமலை எனக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தத் தொடரில் நான் விட்டுவிட்டு ஓடிய வேலைகளையும் ஊர்களையும் வாராவாரம் சொல்லி வருகிறேன். தறிப்பட்டறை, லாரி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை என்று எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இந்த ஓட்டத்தை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ளிப்போட முடியாது.

கருகிய சர்க்கரை

அந்த வருடம் சித்திரையில் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்கு இருந்தேன். முட்டை போட்டு ஓய்ந்த கோழிகளைக் கேட்பவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை. ஒரு சனிக்கிழமை இரண்டு கோழிகளோடு ஒரு வீட்டுக்குப் போனேன். அடுப்பில் சர்க்கரை கருகும் வாசம் தெருமுனை வரை வந்தது.

"அம்மா, ஏதோ தீயுதுங்க!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். அறுபது வயதிருக்கும். நல்ல உயரம், கறுத்த மேனி, நரைத்த சுருட்டை முடியைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். நம் நாட்டு முகம் இல்லை. ஆனால் பேசியது நம் பேச்சு.

"தீயலைங்க சாமி. நான்தான் தீய உடறேன். வந்து பாருங்க."

அவர் பெயர் மார்லீன். ஜமைக்கா என்கிற தீவில் பிறந்தவர். கணவர் ஞானப்பிரகாசம் ஐயா சேந்தமங்கலத்துக்காரர். கப்பலில் இஞ்சின் வேலை பார்த்தவர். அந்தத் தீவின் துறைமுகத்தில் இறங்கியவர், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய், அப்படியே சாப்பாட்டுக்கும் உட்கார்ந்து, அப்படியே கல்யாணமும் செய்துகொண்டதாகச் சொல்வார். வயதான பிறகு இருவரும் இங்கே வந்து குடியேறிவிட்டார்கள்.

மார்லீன் அம்மா எண்ணெயில் நாட்டுச் சர்க்கரையைப் போட்டு, அது கறுத்துப் புகைவிடும் நேரம் பார்த்துக் கோழித் துண்டுகளை அதில் கொட்டினார். முந்தின நாளே எலுமிச்சம்பழம் பிழிந்து கழுவி, இஞ்சி, பூண்டு, மிளகு, கிராம்பு, கற்பூரவள்ளி இலை போட்டு ஊறவைத்த கறி. சட்டியில் விழுந்ததும் மரப்பட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. முட்டைக்கோழிக் கறி ரப்பர் மாதிரி இருக்கும் என்று சொன்னேன்.

"அதுக்குத்தானுங்க நேரம் குடுக்கோணும். எங்கம்மாவும் கெழட்டுக் கோழிதான் ஆக்குவாங்க. நாளைக்கு வந்து தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் ஞாயிறு, அந்த வீட்டில் ஆராதனை நடக்கும் நாள். போனேன். தேவனைத் தேடிப் போனேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கோழியைத் தேடிப் போனேன்.

கொதிக்கும்போது பேசக் கூடாது

அவர் சமையலில் ஆடம்பரம் எதுவும் கிடையாது. எல்லாம் நம் சந்தையில் கிடைக்கிற சாமான்தான். தண்டுக்கீரையைத் தக்காளி வெங்காயத்தோடு வதக்கி, ஊறவைத்து உப்பெடுத்த கருவாட்டை உதிர்த்துப் போடுவார். பச்சை வாழைக்காயைத் தோலோடு வேகவைப்பார். மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டித் தண்ணீரில் கொதிக்கவிடுவார். இங்கே பயிராகும் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியைத் துருவி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, தோசைக்கல்லில் ரொட்டியாகத் தட்டுவார். எங்கள் ஊரில் சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கு, அவர் ஊரில் மீனுக்குத் துணையாக வருமாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பயறுச் சோறு. பயறு சனிக்கிழமையே ஊறிவிடும். தேங்காய்ப்பாலில் பயறும் அரிசியும் வேகும்போது, காம்பு கிள்ளாத ஒரு குண்டு மிளகாயை முழுதாக மேலே வைப்பார். சோற்றுக்கு மிளகாயின் வாசம் வர வேண்டும். காரம் இறங்கக் கூடாது. கரண்டி பட்டு மிளகாய் வெடித்தால் பானை முழுவதும் போச்சு. மூன்றாவது வாரத்திலேயே அந்தப் பானையைக் கிளறும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்.

"கொதிக்கறப்பப் பேசக்கூடாதுங்க சாமி. பேசுனா கை ஆடும்."

ஒரு முறை கோழித் தீவனத்துக்கு வந்த மக்காச்சோளத்தைச் சுத்தம் செய்து, மாவாக்கி, தேங்காய்ப்பாலும் வெண்டைக்காயும் போட்டுக் களி கிண்டினார். ஞாயிறுதோறும் வரும் தையல்காரி எஸ்தர் அக்கா தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, கோழிக்குப் போடறதை எங்களுக்கும் போட்டா நாங்களும் முட்டை உடோணுமா?" என்றார். அன்று சிரித்த சிரிப்பில் ஞானப்பிரகாசம் ஐயாவுக்குப் புரையேறியது.

மார்லீன் அம்மா தமிழ் படித்தது காய்கறிச் சந்தையில். அதனால் பெரியவர், சின்னவர் எல்லோரும் அவருக்குச் சாமிதான். வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். "சிஸ்டர், மனுசரைச் சாமின்னு கூப்பிடுறது சரியில்லை" என்று மெதுவாகக் கண்டித்தார். மார்லீன் அம்மா தலையாட்டினார். சாப்பிடும்போது, "இன்னொரு துண்டு வெச்சுக்கங்க சாமி" என்று கறியை நீட்டினார். போதகர் தட்டை முன்னால் தள்ளினார்.

நல்ல சாப்பாட்டுக்கு ஏற்ற சாட்சி

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, நீளமான மேசையைச் சுற்றி உட்காருவார்கள். பானைகள் மூடியிருக்கும். மூடியைத் திறக்கும் முன் ஒவ்வொருவராக அந்த வாரத்தில் நன்றி சொல்ல ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர்.

நான் முதன்முதல் போன அன்று எஸ்தர் அக்கா, தையல் ஊசி உடைந்து தெறித்தும் கண்ணில் படவில்லை என்றார். ஓய்வு பெற்ற ஒரு பஸ் மெக்கானிக், முழங்கால் வலியில்லாமல் மாடிப்படி ஏறியதைச் சொன்னார். மார்லீன் அம்மா, சந்தையில் இளந்தேங்காயைக் கொடுத்து ஏமாற்றாமல் முற்றின தேங்காய் தந்த பெண்ணுக்காக நன்றி சொன்னார். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய ஜெபக்கூட்டங்களின் ஒலிபெருக்கியில் கேட்டதுதான் எனக்குத் தெரிந்த சாட்சி. அங்கே செத்துப் பிழைத்தவர்களும் கொலைக்குத் துணிந்தவர்களும்தான் மேடையேறுவார்கள். ஊசிக்கும் முழங்காலுக்கும் இவ்வளவு பெரிய சாப்பாடா என்று நினைத்தேன். கருகிய சர்க்கரையில் வெந்த அந்தக் கறிக்கு என் வாரத்தில் நடந்த எதுவும் போதாது என்று தோன்றியது.

வாய் திறந்தேன். செல்வராசு நாக்கில் வந்துவிட்டான்.

செல்வராசு திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே போனபோது என்னோடு வேலை செய்தவன். கிணற்றுக்குள் இறக்கும் கேசிங் பைப்பைத் தூக்கும்போது சங்கிலி நழுவி, பைப் அவன் மேல் விழுந்தது. அது நிஜம். மேசையில் நான் சொன்னது இது:

"அவரு என் கூடப்பொறந்த அண்ணனுங்க. எம் மடியிலதான் உசுரு போச்சு. ஒரு வார்த்தை பேசலைங்க. அந்த நேரத்துலதான் நான் ஆண்டவரைக் கூப்பிட்டேன்."

எஸ்தர் அக்கா அழுதுவிட்டார். ஞானப்பிரகாசம் ஐயா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அண்ணன் பேர் என்ன, அண்ணி பேர் என்ன, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பொய்ப் பேர் வைக்கக்கூடச் சோம்பல் எனக்கு. அவன் வண்டியில் ஓயாமல் சொல்லும் பேர்களை அப்படியே சொன்னேன். மல்லிகா. இரண்டு பெண் பிள்ளைகள்.

நன்றாகச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நடந்தது

பைப் விழுந்ததும் சத்தம் கேட்டு ஊர் ஜனம் ஓடி வந்தது. பாஷை தெரியாத ஊர். போலீஸ் வரும், எங்களைப் பிடித்து உள்ளே வைக்கும் என்று எங்கள் வண்டி ஆள் ஒருவன் சொன்னான். அவனும் நானும் சோளக்காட்டுக்குள் ஓடினோம். ரயிலேறும்போது செல்வராசு உயிரோடு இருந்தானா என்றுகூட எனக்குத் தெரியாது. சேலத்தில் இறங்கிப் பத்து நாள் கழித்துத்தான் அவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனதைக் கேள்விப்பட்டேன். சாவு வீட்டுக்குப் போகவில்லை.

அந்தப் பொய் ஒரு சாப்பாட்டோடு முடிந்துபோகும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டேன். அந்த மனிதர்கள் ஒரு தடவை கேட்டதை விடமாட்டார்கள். அடுத்த ஞாயிறு ஜெபத்தில், "மல்லிகா அம்மாவுக்காகவும் ரெண்டு பெண் பிள்ளைங்களுக்காகவும்" என்று ஐயா வேண்டினார். அதற்கடுத்த ஞாயிறும். ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒரு வாரம் அவர் மறந்தால் எஸ்தர் அக்கா ஞாபகப்படுத்துவார். ஒவ்வொரு ஞாயிறும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

"உங்க அண்ணியை ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க சாமி" என்று மார்லீன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். வேலைக்குப் போறாங்க, உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்று மூன்று காரணம் சொன்னேன். நாலாவது காரணத்துக்கு அவர் காத்திருக்கவில்லை. கணவரோடு பஸ் ஏறித் திருச்செங்கோட்டுக்குப் போய், ஊர் பேரை வைத்து விசாரித்து, மல்லிகாவைக் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லவில்லை.

பச்சைத் துவரைச் சோறு

அந்த மார்கழி ஞாயிறு நான் சமையலறையில் பானை கிளறிக்கொண்டிருந்தேன். பச்சைத் துவரங்காய் சீசன். ஜமைக்காவில் கிறிஸ்துமஸுக்கு இதே துவரையில்தான் சோறு ஆக்குவார்களாம். கூடத்திலிருந்து, "முருகேசு, வந்து யாருன்னு பாருங்க" என்று ஐயா கூப்பிட்டார்.

ஒல்லியான பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்ததே இல்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் யார் என்று தெரிந்துவிட்டது. 

அவளுடைய கணவனுக்குத் தம்பி கிடையாது. அதை அவள் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

"எங்கூட்டுக்காரரு கூட வேலை செஞ்சவங்களை எல்லாம் தம்பின்னுதான் சொல்லுவாருங்க" என்றாள் எல்லோருக்கும் பொதுவாக. "தம்பி ஒருத்தரு கூட இருந்தாருன்னு இந்தம்மா வந்து சொன்னாங்க. அதான் கிளம்பி வந்தனுங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போன டிரைவரைக் கேட்டனுங்க தம்பி. நான் முன்னால வண்டி ஓட்டுனேன், பின்னால யாரு இருந்தாங்கன்னு தெரியாதுன்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். கடைசீல தண்ணி கேட்டாருங்களா?"

பானைகள் மூடியிருந்தன. பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டாருங்க" என்றேன். "குடுத்தனுங்க. ரெண்டு மடக்குக் குடிச்சாரு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. "அது போதுமுங்க" என்றாள். மேசையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். துவரைச் சோற்றை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கினாள். "நல்லாருக்குதுங்க, எங்கூர்ல இப்படித் தேங்காப்பாலு ஊத்தறதில்லீங்க" என்று மார்லீன் அம்மாவிடம் சொன்னாள். பிறகு வெளித்தாழ்வாரத்துக்குப் போய், பெண்களுக்கு போன் செய்தாள். "அப்பன் தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாராம் கண்ணு" என்று சொல்வது எனக்குச் சமையலறை வரை கேட்டது.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். மார்லீன் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். குழாயை மூடினார்.

"மொத நாளு, ஒரு வார்த்தை பேசலைன்னு சொன்னீங்களே சாமி."

வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை. அவர் ஒவ்வொரு தமிழ் வாக்கியத்தையும் மனப்பாடம் செய்து சேர்த்து வைத்தவர்.

"நான் அங்க இல்லைங்கம்மா" என்றேன். "பைப்பு உழுந்ததும் ஓடிட்டேன்."

அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அவர் நாட்டுப் பேச்சில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு சொன்னார்:

"நாங்க எல்லாரும் எட்டு மாசம் வேண்டியிருக்கறமுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும். அந்தம்மா முன்னாலதான் உக்காந்திருக்கறாங்க. போங்க."

கையைத் துடைத்தேன். முன்பக்கம் இரண்டடி வைத்தேன். போனில் அவள் சிரித்துப் பேசுவது கேட்டது. திரும்பிப் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

எங்கூட்டு ஆளு

முக்கால் மணி நேரம் நடந்திருப்பேன். பின்னால் வந்த டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போய் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, சீக்கிரம் ஏறுங்க. எங்கூட்டு ஆளு நடந்து போறாரு, நிறுத்துன்னு இந்தம்மா ஒரே சத்தம்."

ஜன்னலோரம் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தூக்குப்பாத்திரம். மார்லீன் அம்மா பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிய சோறு. ஓடிப்போக வயல்தான் இருந்தது. ஏறினேன்.

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே தம்பி. செருப்புகூட இல்லாம. உக்காருங்க."

உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் தண்ணி குடுக்கலைங்க."

"கிடைக்கலீங்களா?" என்றாள். அப்போதும் எனக்கு ஒரு காரணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"நான் அங்கயே இல்லைங்க. போலீசுக்குப் பயந்து ஓடிட்டனுங்க. அவரு கேட்டாரா இல்லையான்னே எனக்குத் தெரியாதுங்க. மடியில உசுரு போச்சுன்னு சொன்னதும் பொய்தானுங்க. சோத்துக்காகச் சொன்னேன்."

பஸ் இரண்டு நிறுத்தங்களில் நின்று புறப்பட்டது. அவள் தூக்குப்பாத்திரத்தின் மூடியை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நான் ரெண்டாந்தரம் வாங்கித் தின்னனே" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

கொஞ்சம் கழித்து, "பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டனுங்க. இப்ப என்னன்னு மாத்திச் சொல்லுவேன்?" என்றாள்.

நாமக்கல் வரை நின்றுகொண்டே வந்தேன். 

நாமக்கல் பஸ் நிலையத்தில் இறங்கினாள். திருச்செங்கோட்டு பஸ்ஸில் ஏறி, உள்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் போனது. தூக்குப்பாத்திரத்தை அவள் விட்டுவிட்டுப் போகவில்லை. பிள்ளைகளுக்கான சோறு அது. அதையாவது நான் கெடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை.

திங்கட்கிழமை

மறுநாள் காலை நான் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் வண்டிக் கொட்டகையில் நின்றேன். அவள் வீட்டுக்குப் போகும் தைரியம் இல்லை. வேறு எங்கேயும் கால் போகவில்லை. ஆள் எடுக்கும் மேனேஜர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"முன்னாடி எந்த வண்டிய்யா?"

சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த வண்டியிலதான ஒருத்தன் செத்தான்? ரெண்டு பேரு ஓடிட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"அதுல ஒருத்தன் நானுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்காலையும் பார்த்தார். போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"பைப்புப் பக்கம் உன்னைய நிறுத்த மாட்டேன். அங்க ஒருத்தனை நம்பித்தான் இன்னொருத்தன் நிக்கறான். சமையக்காரன் ஒருத்தன் வேணும். ஆக்குவியா?"

"ஆக்குவனுங்க."

"வண்டியில ஒம்பது பேரு. நீ யாருன்னு நீயே அவங்ககிட்டச் சொல்லிப்போடு. அப்புறமா எவனாவது வந்து எங்கிட்டக் கேக்கக்கூடாது."

வெங்காயம் உரித்தேன். பருப்பு வேகவைத்தேன். மதியம் ஒன்பது பேரும் வண்டி நிழலில் தட்டோடு உட்கார்ந்தபோது, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, நடந்ததைச் சொன்னேன். ஏழெட்டு வாக்கியம்தான் இருக்கும். எட்டுப் பேர் தட்டை நீட்டினார்கள். ஒருவன் மட்டும் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் வெயிலில் போய் உட்கார்ந்து தின்றான்.